வெள்ளிக்குப் பாரசீகம்; செம்புக்குத் தமிழ்!

ஆட்சியைப் பிடித்தவன் முதலில் அடிப்பது முரசு. அடுத்து அடிப்பது நாணயம். முரசின் ஒலி ஊரெல்லையோடு நின்றுவிடும். நாணயமோ உழவன் மடியிலும், வணிகன் பேழையிலும், தாய் முடிந்து வைத்த சேலைத் தலைப்பிலும் புகுந்து, "இந்நாட்டை ஆள்பவன் நான்" என்று ஓசையின்றி நாள்தோறும் உரைத்துக்கொண்டே இருக்கும். முரசு கிழியும், முடி சரியும், நாணயம் மட்டும் மண்ணுக்குள் புதைந்தும் மாளாது கிடக்கும்.

நாணயம் என்ற சொல்லுக்கு நம் மொழியில் இரண்டு பொருள். ஒன்று காசு, மற்றொன்று நேர்மை. ஆனால், நாணயத்தில் நாணயம் இருந்ததா? ஆண்டவர்கள் அடித்த காசு, ஆளப்பட்டவர்களிடம் உண்மை பேசிற்றா? அதைக் கேட்கத்தான் இக்கட்டுரை.

வெள்ளி நாணயம் சேர்க்கும் ஆர்வம் நம் இளைஞர்களிடையே இருக்கிறது. விக்டோரியா தலை பொறித்த ரூபாயை வரலாற்றுக்காகச் சேர்ப்போர் உண்டு. வெள்ளிக்காசைச் சேமிப்புக்காக வாங்கி வைப்போரும் உண்டு. இரண்டையும் நாம் குறை கூறவில்லை. உழைத்து ஈட்டிய பொருளைக் காப்பது கடமை. சென்ற காலத்தைத் தெரிந்துகொள்வது அதனினும் பெரிய கடமை. ஆனால் சேர்ப்பவர் அறிந்து சேர்க்கவேண்டும். பளபளப்பைப் பார்த்து மயங்குபவன் கையில் வெள்ளி தங்காது. எடையைப் பார், தரத்தைப் பார், எழுத்தைப் பார் என்று நமக்குப் பாடம் சொல்லும் ஊர் ஒன்று உண்டு. அது பாவேந்தர் பிறந்த புதுச்சேரி.

விலைக்கு வாங்கிய உரிமை

பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கும்பினி தோன்றியது 1664இல். அடுத்த பத்தாண்டில் பிரான்சுவா மர்த்தேன் புதுச்சேரியில் காலூன்றினார். 1693இல் டச்சுக்காரர் ஊரைப் பறித்தனர். 1699இல் திரும்பத் தந்தனர். கோட்டை எழுந்தது, கிடங்குகள் நிறைந்தன, நெசவாளர் குடியேறினர். எல்லாம் இருந்தும் ஒரு குறை இருந்தது. கும்பினியாரிடம் கப்பல் கப்பலாக வெள்ளி வந்து இறங்கியது. அந்த வெள்ளியை ரூபாயாக அடிக்கும் உரிமை மட்டும் இல்லை!

உள்நாட்டுச் சந்தையில் செல்லுபடியானது ரூபாய். ரூபாய் அடிக்கும் உரிமை, பெயரளவில் தில்லிப் பேரரசருடையது. நடைமுறையில் ஆற்காட்டு நவாபுடையது. புதுச்சேரிக்கு வடக்கே கடலோரத்தில் உள்ள ஆலம்பரையிலும் நவாபின் ஆளுகையில் தங்கசாலை ஒன்று இருந்தது. கைநிறைய வெள்ளி வைத்துக்கொண்டு, அதைக் காசாக்கப் பிறர் வாயிலில் காத்துக் கிடப்பது வணிகனுக்கு இழப்பு. ஆதிக்கம் தேடி வந்தவனுக்கோ இழிவு.

1736இல் ஆளுநர் துய்மா இதற்கு வழி கண்டார். நவாபு தோஸ்த் அலிகானிடமிருந்து ரூபாய் அடிக்கும் உரிமையைப் பெற்றார். போர் தொடுத்துப் பெறவில்லை. பணமும் அன்பளிப்பும் கொடுத்துப் பெற்றார். இதை நமக்குச் சொல்லும் சான்று பாரிசில் எழுதப்பட்டதன்று. புதுச்சேரியில், தமிழில், ஒரு தமிழர் கையால் எழுதப்பட்டது. 1736 செப்டம்பரில் தொடங்கும் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு, தன் தொடக்கப் பகுதியிலேயே இந்தத் தங்கசாலை உரிமையைப் பற்றித்தான் பேசுகிறது. அப்போது அவருக்கு 27 வயது. பின்னாளில் துய்ப்ளேயிடம் தலைமைத் துபாசியாக விளங்கிய அவர், 1761 சனவரியில் மறையும் வரை எழுதிய குறிப்பு அது. மன்னர் பிறந்தார், மன்னர் இறந்தார் என்று தொடங்கும் ஏடுகள் நம்மிடம் ஏராளம். காசு எப்படிப் பிறந்தது என்று கூறித் தொடங்கும் ஏடு எத்துணை அரிது!

ஆங்கிலேயரும் வாளாவிருக்கவில்லை. 1742இல் சென்னையில் ஆற்காட்டு ரூபாய் அடிக்கும் உரிமையை அவர்களும் பெற்றனர். ஒரு நவாபு, இரண்டு வணிகர், இருவர் கையிலும் ஒரே அச்சு! பின்னால் அந்த நவாபின் அரியணைக்கே யாரை ஏற்றுவது, யாரை இறக்குவது என்று இந்த இருவருமே போரிட்டனர். காசடிக்கும் உரிமையை விற்றவர், காலப்போக்கில் நாட்டையே காப்பாற்ற முடியாதவரானார்.

வெள்ளி வந்த வழி

புதுச்சேரித் தங்கசாலையில் உருகிய வெள்ளி எங்கிருந்து வந்தது? தமிழ் மண்ணில் தோண்டியதன்று. பிரான்சிலும் தோண்டியதன்று. தென்னமெரிக்காவில், இன்றைய பொலிவியாவில், பொத்தோசி என்னும் மலை இருக்கிறது. 1545இல் அங்கே வெள்ளி கண்டெடுக்கப்பட்டது. அம்மண்ணின் மக்களை ஊர்வாரியாகக் கணக்கெடுத்து, முறைவைத்துக் கட்டாய வேலைக்கு இழுத்துச் சென்று சுரங்கத்தில் தள்ளினர் இசுபானியர். அந்த மலையிலும் மெக்சிகோவிலும் எடுத்த வெள்ளி, பியாசுதர் என்ற பெரிய காசாக உருவெடுத்து இசுபானியத் துறைமுகமான காதிசை அடைந்தது. அங்கே அதை விலைக்கு வாங்கிய பிரெஞ்சுக் கும்பினி, தன் கப்பல்களில் ஏற்றிப் புதுச்சேரிக் கரையில் கொண்டுவந்து இறக்கியது.

ஒரு பியாசுதரின் எடை ஏறத்தாழ 27 கிராம். அதை உருக்கினால் இரண்டு ரூபாய்க்குச் சற்று மேல் கிடைக்கும். அந்த ரூபாய் யாரிடம் போயிற்று? தரகர் வழியாகத் துணி வணிகரிடம். அவர் வழியாக, மிகச் சுருங்கிய பங்காக, நெசவாளரிடம். நெய்த துணி நீலச் சாயத்தில் தோய்ந்து மீண்டும் கப்பலேறியது. ஆப்பிரிக்காவின் செனகல் கரையில் அந்த நீலத்துணியையே காசுபோல் நீட்டி, கோந்தும் வாங்கினர். மனிதர்களையும் அடிமைகளாக வாங்கினர்.

எண்ணிப் பாருங்கள், தோழர்களே! ஒரு முனையில் சுரங்க இருட்டில் செவ்விந்தியன். மறுமுனையில் சங்கிலியில் கருப்பினத்தவன். நடுவில் தறிக்குழியில் கால்தொங்கத் தமிழன். மூவரும் ஒருவரையொருவர் கண்டதில்லை. மூவரையும் கட்டிய கயிறு அந்த வெண்ணிற உலோகம். வட்டக் காசைக் கையில் எடுத்து "எத்துணை அழகு!" என்று வியக்கும்போது, அந்த வட்டத்துக்குள் எத்தனை பேர் வியர்வை உறைந்திருக்கிறது என்பதையும் சேர்த்து எண்ணுதல்தான் வரலாற்றறிவு.

இடமும் பொய், இறைவனும் பொய்!

இனி அந்த ரூபாயைத் திருப்பிப் பார்ப்போம். ஒரு பக்கத்தில் பாரசீக எழுத்தில், தில்லிப் பாதுஷா முகம்மது ஷாவின் மங்கல நாணயம் என்று பொறித்திருக்கிறது. மறு பக்கத்தில், ஆட்சியாண்டும், "ஆற்காட்டில் அடித்தது" என்ற பொருள்படும் வாசகமும் இருக்கின்றன. ஆற்காட்டிலா அடித்தார்கள்? இல்லை, அடித்தது புதுச்சேரியில். முகம்மது ஷாவா புதுச்சேரியை ஆண்டார்? இல்லை, ஆண்டவர் பிரெஞ்சுக்காரர். புதுச்சேரியில் அடித்தது என்பதற்கு அடையாளம், ஓரத்தில் ஒரு சிறு பிறை, அவ்வளவே!

முகம்மது ஷா 1748இல் மறைந்தார். அகமது ஷா வந்தார். இரண்டாம் ஆலம்கீர் வந்தார். இரண்டாம் ஷா ஆலம் வந்தார். தில்லியில் பெயர் மாறியபோதெல்லாம் புதுச்சேரி அச்சிலும் பெயர் மாறியது. அந்த ஷா ஆலமோ 1788இல் தன் அரண்மனைக்குள்ளேயே கண்கள் பறிக்கப்பட்டவர். தன்னையே காத்துக்கொள்ள இயலாதவர். அவர் பெயரும் "பாதுஷா" என்ற பட்டத்தோடு புதுச்சேரி ரூபாயில் ஒளிவிட்டது. அடித்த இடமும் பொய். ஆளும் இறைவன் பெயரும் பொய். மெய்யாக இருந்தது ஒன்றே ஒன்று: எடை! பதினொரு கிராமுக்கு மேற்பட்ட நல்ல வெள்ளி. மக்கள் அந்த ரூபாயை ஏற்றது பாதுஷாவுக்காக அன்று, வெள்ளிக்காக.

வணிகனுக்கு இது புதிதன்று. சென்னையில் ஆங்கிலக் கும்பினி தங்க வராகன் அடித்தது. அதில் பொறித்த உருவம் யாருடையது? ஏசுவா? இங்கிலாந்து மன்னரா? இல்லை. பெருமாளும் தேவியர் இருவரும்! "மூன்று சாமி வராகன்" என்றே அதற்குப் பெயர். ஞாயிறுதோறும் தேவாலயத்தில் மண்டியிட்டவர்கள், திங்கட்கிழமை தங்கசாலையில் பெருமாளை அச்சில் வைத்து அடித்தார்கள். பக்தியாலா? இல்லை, சந்தையில் அந்த உருவத்துக்குச் செலாவணி இருந்தது. கடவுளும் அவர்களுக்கு ஒரு முத்திரை, அவ்வளவே. இதைக் கண்ட பிறகும், காசில் பொறித்த உருவத்துக்கு அருள் உண்டு என்று நம்புவோரைக் கண்டு நாம் இரங்காமல் என் செய்வது?

துட்டு பேசிய தமிழ்

ரூபாய்க்குக் கீழே, புதுச்சேரிக்கென்றே சிறிய வெள்ளிக்காசு ஒன்று இருந்தது. பிரெஞ்சுக்காரர் அதை "பனோன்" என்றனர். நம் "பணம்" என்ற சொல்லே அவர்கள் நாவில் அப்படித் திரிந்தது. எட்டுப் பணம் ஒரு ரூபாய். அதன் ஒரு பக்கம் மணிமுடி. மறு பக்கம் பிரெஞ்சு அரச மரபின் அல்லி மலர்கள். அதற்கும் கீழே செம்புக்காசு. "துட்டு" அவர்கள் வாயில் "துதூ" ஆயிற்று. "காசு" அவர்கள் வாயில் "காஷ்" ஆயிற்று. பெயரை நம்மிடம் கடன் வாங்கினர். உரிமையை நவாபிடம் விலைக்கு வாங்கினர். உழைப்பை மட்டும் விலை குறைத்து வாங்கினர்!

அந்தச் செம்புத் துட்டை எடுத்துப் பாருங்கள். ஒரு பக்கம் அல்லி மலர். மறு பக்கம்? தமிழ்! நம் எழுத்தில், நம் ஒலியில், "புதுச்சேரி" என்று பொறித்திருக்கிறது. காரைக்காலுக்கென அடித்த செம்புக்காசில் "காரைக்கால்" என்ற பெயரும் தமிழிலேயே இருக்கிறது. 1830இல் பிரான்சில் புரட்சி வெடித்து, பழைய அரச மரபு வீழ்ந்தது. 1836இல் புதுச்சேரி அடித்த செம்புக்காசில் அல்லி போயிற்று. பிரெஞ்சு நாட்டின் சேவல் வந்தது. மறு பக்கத்துத் தமிழ் மட்டும் மாறவில்லை. ஊரின் பெயரை "பாண்டிச்சேரி" என்று திரித்து எழுதிய அரசு ஏடுகள், 2006இல்தான் "புதுச்சேரி" என்று திருத்திக்கொண்டன. ஏழையின் துட்டு அதை 18ஆம் நூற்றாண்டிலேயே சரியாகச் சொல்லிவிட்டது!

மகிழ்ச்சிதான். ஆனால், அந்த மகிழ்ச்சிக்குள் ஒரு முள் இருக்கிறது. வெள்ளி ரூபாய்க்குப் பாரசீகம். வெள்ளிப் பணத்துக்கு மணிமுடியும் அல்லியும். தமிழுக்குக் கிடைத்த இடம் செம்பு! ஏன்? ரூபாய் நவாபின் கருவூலத்துக்கும் பெருவணிகரின் பேழைக்கும் போகும் காசு. அது ஆட்சியாளரின் மொழி பேசியது. துட்டு கூலிக்காரியின் கைக்கும் கீரைக்காரியின் கூடைக்கும் போகும் காசு. அது அவர்கள் படிக்கும் மொழி பேசிற்று. அதிகாரம் மேலே, மக்கள் கீழே. மொழியும் அதே படிக்கட்டில் நிறுத்தப்பட்டது. இடையில் அமர்ந்திருந்தவர் காசுக்கடைக்காரர். தேய்ந்தது என்று ஒரு வட்டம், வேற்றூர் அச்சு என்று ஒரு வட்டம் என்று பிடித்துக்கொண்டு, துட்டை ரூபாயாகவும் ரூபாயைத் துட்டாகவும் மாற்றித் தந்தவர் அவர். பாரசீகம் படிக்கத் தெரியாதவனுக்கு அவர் சொன்னதே விலை. படிக்காமை அன்றும் ஒரு வரியாகவே வாங்கப்பட்டது.

பழியைப் பிறர்மேல் மட்டும் போடலாமா?

தமிழுக்கு வெள்ளி ஒட்டாது என்பதா உண்மை? இல்லை. சங்க காலச் சேரர் வெள்ளிக்காசு அடித்தனர். கரூரில் கிடைத்த அக்காசுகளில் மன்னனின் தலை உருவமும், "மாக்கோதை" என்ற பெயர் தமிழ் பிராமி எழுத்திலும் இருக்கின்றன. "குட்டுவன் கோதை" என்று பொறித்த வெள்ளிக்காசும் உண்டு. உரோமானியரோடு வணிகம் செய்து, அவர்கள் வெள்ளியைக் கையால் எண்ணிய காலத்தில், அவர்கள் காசைப் போலவே தலை உருவம் பொறித்து, பெயரை மட்டும் தன் எழுத்தில் எழுதினான் தமிழ் மன்னன். அந்த உரோமானிய வணிகத்தின் அரிய தடயங்களைத் தந்த அரிக்கமேடு, புதுச்சேரிக்கு அருகிலேயே இருக்கிறது.

பிறகு என்ன ஆயிற்று? கடல் கடந்து படை செலுத்திய சோழப் பேரரசர் காலத்தைப் பாருங்கள். இராசராசன் காசில் அவன் பெயர் எந்த எழுத்தில் இருக்கிறது? நாகரியில்! கோயிற்சுவரில் தானக் கணக்கைத் தமிழில் வெட்டியவன், காசில் தன் பெயரை நாகரியில் பொறித்தான். இங்கே நவாபு இல்லை, பிரெஞ்சுக்காரர் இல்லை, ஆங்கிலேயர் இல்லை. நம் மன்னன், நம் மண், நம் தங்கசாலை. எழுத்து மட்டும் நம்முடையதன்று! பெருமை என்பது வடக்கிலிருந்து வரவேண்டும் என்ற எண்ணம் அரியணையிலேயே ஏறி அமர்ந்துவிட்டது. பிற்காலப் பாண்டியர் "எல்லாந்தலையானான்" என்று தமிழில் பொறித்தனர், அதுவும் செம்பில்!

ஆங்கில ஆட்சியின் ஓரணாவையும் பாருங்கள். 1906இல் வந்த அந்தக் காசில் ஆங்கிலத்தோடு நான்கு எழுத்துகள் இடம்பெற்றன: உருது, நாகரி, வங்காளம், தெலுங்கு. தமிழுக்கு இடமில்லை. செம்பில் கிடைத்த இடமும் கலப்பு உலோகத்தில் பறிபோயிற்று.

எடையும் ஏமாற்றிய காலம்

பெயர் பொய்யானாலும் எடை மெய்யாக இருந்தது என்றோம். அந்த மெய்யும் நீடித்ததா?

1835இல் ஆங்கிலக் கும்பினி தன் ஆட்சிப் பகுதி முழுமைக்கும் ஒரே ரூபாயை வகுத்தது. எடை 11.66 கிராம், பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. அதாவது தூய வெள்ளி 10.69 கிராம். புதுச்சேரித் தங்கசாலை 19ஆம் நூற்றாண்டில் ஓய்ந்தபின், பிரெஞ்சுக்கொடி பறந்த ஊரிலும் செலாவணியானது இந்த ரூபாய்தான்.

யார் வேண்டுமானாலும் வெள்ளியைக் கொடுத்துக் கல்கத்தா, பம்பாய்த் தங்கசாலைகளில் ரூபாயாக மாற்றிக்கொள்ளலாம் என்ற உரிமை அப்போது இருந்தது. ஆகவே தண்டையும் கொலுசும் ஏழையின் வங்கியாயின. 1870களில் உலகச் சந்தையில் வெள்ளி சரியத் தொடங்கியது. செருமனி வெள்ளியைக் கைவிட்டுத் தங்கத்துக்கு மாறியது. அமெரிக்காவில் புதிய சுரங்கங்கள் பெருகின. அவுன்சு 60 பென்சு அளவில் இருந்த வெள்ளி, இருபது ஆண்டில் பாதியாயிற்று. 1893 சூன் 26இல் சிம்லாவில் ஒரு சட்டம் இயற்றித் தங்கசாலைக் கதவைப் பொதுமக்களுக்கு மூடிவிட்டது ஆங்கில அரசு. அரசு அடித்த ரூபாய்க்கு மதிப்புக் காக்கப்பட்டது. மக்கள் கழற்றிக் கொண்டுவந்த கொலுசுக்கு மதிப்புச் சரிந்தது. இரண்டும் ஒரே வெள்ளி! பஞ்ச ஆண்டுகளில் நகையை விற்றுக் கஞ்சி குடிக்க வந்த ஏழைக்கு, அதன் பொருள் வயிற்றில் புரிந்தது. புதுச்சேரிக்காரன் சேமிப்பின் விலையை முடிவு செய்தது புதுச்சேரியுமன்று, பாரிசுமன்று, சிம்லாவும் இலண்டனும்!

முதல் உலகப் போரில் வெள்ளி விலை ஏறியது. ரூபாயை உருக்கினால் ஆதாயம் என்ற நிலை வந்ததும், 1917இல் ஒரு ரூபாய்த் தாள் அச்சாயிற்று. இரண்டாம் உலகப் போரில், 1940இல், ரூபாயின் வெள்ளி பாதிக்குக் குறைக்கப்பட்டது. மக்கள் பழைய ரூபாயைப் பதுக்கினர். உடனே 1941 முதல் விக்டோரியா ரூபாய், அடுத்து எட்வர்டு ரூபாய், அடுத்து சார்ச்சு ரூபாய் என்று பழையவை படிப்படியாகச் செல்லாதவை ஆக்கப்பட்டன. 1947இல் வந்த ரூபாயில் வெள்ளியே இல்லை, முழுதும் நிக்கல். ஆறாம் சார்ச்சின் தலை மட்டும் மாறாமல் புன்னகை புரிந்தது! 1736இல் தலைப்பு பொய், எடை மெய். 1947இலோ தலைப்பு மெய், வெள்ளி மாயம்!

இன்று சேர்ப்பவர்க்கு

இந்த வரலாறு வெறும் கதையன்று. இன்று காசு சேர்ப்பவனுக்குக் கைவிளக்கு. 1938 ரூபாயும், 1945 ரூபாயும், 1947 ரூபாயும் தொலைவில் பார்த்தால் உடன்பிறப்புகள் போலிருக்கும். முதலதில் தூய வெள்ளி 10.69 கிராம், இரண்டாவதில் 5.83 கிராம், மூன்றாவதில் ஒன்றுமில்லை. ஆண்டைப் படிக்காமல் மூன்றுக்கும் ஒரே விலை கொடுப்பவன், அன்று பாரசீகம் படிக்காமல் வட்டம் கொடுத்தவனின் பேரனே!

வெள்ளியின் விலை வேறு; அருமையின் விலை வேறு. 1939இன் ரூபாய் மிகச் சிலவே புழக்கத்துக்கு வந்ததால், அதே அளவு வெள்ளிக்குப் பன்மடங்கு விலை கேட்பர். அதனாலேயே அதற்குப் போலியும் மிகுதி. புதுச்சேரிப் பிறை ரூபாயும் அப்படித்தான். எடையை நிறுக்காமல், எழுத்தை ஒப்பிடாமல், அறிந்தவரைக் கேட்காமல் வாங்குவது சேமிப்பன்று, சூது. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் நாணயப் பிரிவில் சிலமணி நேரம் செலவிட்டால், பல்லாயிரம் இழப்பதைத் தடுக்கலாம்.

வெள்ளியை முதலீடாக எண்ணுவோர்க்கு இன்னொரு செய்தி. 1980 சனவரியில், அமெரிக்கச் செல்வர்களான அண்ட் உடன்பிறந்தார் வெள்ளியைக் குவித்ததால், அவுன்சு விலை 50 டாலரை நெருங்கியது. மார்ச்சு 27இல் 11 டாலருக்கும் கீழே விழுந்தது. மீண்டும் 50ஐ நெருங்க 2011 வரை காத்திருக்க நேர்ந்தது. 31 ஆண்டு! வெள்ளி ஏறும், இறங்கும். அடுத்த மாத உணவுக்கான பணத்தை அதில் முடக்குபவனுக்கு, இறங்கும் நாளில்தான் தேவை வந்து நிற்கும்.

அடுத்தது, அட்சய திருதியை! அன்று வாங்கினால் பெருகுமாம். எது பெருகும்? கடந்த சில பத்தாண்டுகளாக விளம்பரத்தால் பெருக்கப்பட்ட இந்த நம்பிக்கையால், பெருகுவது கடைக்காரரின் கல்லா. இலக்குமி உருவம் பொறித்த வெள்ளிக்காசுக்கு, வெள்ளியின் விலைக்கு மேல் செய்கூலி உண்டு, வரி உண்டு. திரும்ப விற்கப்போனால் இலக்குமிக்கு ஒரு பைசாவும் தரமாட்டார். எடைக்கும் தரத்துக்குமே தருவார். வாங்கும்போது தெய்வம், விற்கும்போது உலோகம்! கடைக்காரருக்கு இருக்கும் பகுத்தறிவு நமக்கு ஏன் இருக்கக்கூடாது? நாள் பார்க்கும் கண்ணால் தரமுத்திரையைப் பாருங்கள். சாமியைப் பார்க்கும் கண்ணால் தராசைப் பாருங்கள்.

இதனினும் கொடியது ஒன்று. "கிழக்கிந்தியக் கும்பினி, 1818" என்று பொறித்து, இராமர், அனுமார் உருவங்களோடு கூடிய காசுகளை, மந்திர ஆற்றல் உள்ளவை என்று விற்கிறார்கள். அவை கும்பினி அடித்த காசுகளே அல்ல, பிற்காலப் போலிகள். "அரிசியை இழுக்கும் காசு" என்று கூறி இலட்சக்கணக்கில் பறிக்கும் கூட்டமும் நம் நாட்டில் பலமுறை பிடிபட்டிருக்கிறது. காசு அரிசியை இழுக்காது, தோழர்களே! ஏமாந்தவன் வீட்டு அரிசிப்பானையைத்தான் காலியாக்கும். கும்பினிக்காரன் மூன்று சாமியை அச்சில் அடித்துப் பொருள் சேர்த்தான். அவன் போனபின், அவன் பெயரையே அச்சில் அடித்து நம்மவன் பொருள் சேர்க்கிறான். முத்திரை மாறியது, மூடநம்பிக்கை மாறவில்லை.

வெள்ளியில் வந்த தமிழ்

அறிஞர் அண்ணாவின் நூற்றாண்டையொட்டி 2009இல் வெளிவந்த 5 ரூபாய் நாணயத்தில், அவருடைய கையொப்பம் தமிழிலேயே இடம்பெற்றது. 2024 ஆகஸ்டு 18இல், கலைஞர் நூற்றாண்டு நினைவாக 100 ரூபாய் நாணயம் வெளியிடப்பட்டது. எடை 35 கிராம். அதில் பாதி வெள்ளி. அந்த வெள்ளியில், அவர் கையெழுத்தில், "தமிழ் வெல்லும்" என்ற இரண்டு சொற்கள் பொறிக்கப்பட்டன. மாக்கோதை வெள்ளியில் தன் பெயரைத் தமிழில் பொறித்த நாளை எண்ணிப் பார்த்தால், இது சிறு செய்தியன்று.

ஆயினும் நம் கணக்கு அதோடு முடியவில்லை. அது நினைவு நாணயம். விலை கொடுத்து வாங்கிப் பேழையில் வைக்கும் நாணயம். பேருந்து நடத்துநர் தரும் சில்லறையில், பால்காரருக்குக் கொடுக்கும் ஐந்து ரூபாயில், அன்றாடம் கைமாறும் காசில் தமிழ் எங்கே? அங்கே இருப்பவை இந்தியும் ஆங்கிலமுமே. அன்று பேழைக்குப் போன வெள்ளியில் தமிழ் இல்லை; ஏழைக்குப் போன துட்டில் இருந்தது. இன்று பேழைக்குப் போகும் வெள்ளியில் தமிழ் வந்துவிட்டது. ஏழைக்குப் போகும் சில்லறையில் இல்லை! கவிழ்த்த காசுபோல நிலை தலைகீழாயிற்று; முழுமை இன்னும் ஆகவில்லை.

எனவே, இளைஞர்காள், காசு சேருங்கள்; வெள்ளியும் சேருங்கள். ஆனால் கைக்கு வரும் ஒவ்வொரு காசையும் நிறுத்துப் பாருங்கள்; திருப்பிப் பாருங்கள்; படித்துப் பாருங்கள். யார் அடித்தான், யார் பெயரில் அடித்தான், யார் உழைப்பில் அடித்தான், யார் மொழியில் அடித்தான் என்று கேளுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்தவனிடம் பாதுஷாவின் பட்டமும் செல்லாது. பெருமாளின் உருவமும் செல்லாது. உண்மை ஒன்றே செல்லும். அதுவே நாணயம்!